படலையைச் சாத்தி வைப்போம்

எமது தமக்கையார் ஆசிரியப் பணியிலிருந்து இளைப்பாறியவர். சிக்கனமானவர், எவரையும் எளிதில் நம்பாதவர். மாலை விளக்கேற்றியதும் வீட்டுப் படலைக்குச் சங்கிலி போட்டுவிடுவார். அத்தகையவர் சென்ற ஆண்டில் ஒரு நாள் மாலை எம்மைத் தொலைபேசியில் அழைத்தார். குரலில் நடுக்கம் இருந்தது.

"தம்பி, கொம்பியூட்டருக்கு ஏதோ வருத்தமாம், ஐந்து வைரஸ் இருக்குதாம். இன்றைக்குக் காசு கட்டாவிட்டால் உள்ளே இருக்கிறதெல்லாம் அழிந்துபோய்விடுமாம். வங்கி அட்டை இலக்கத்தைக் கொடுத்துவிட்டேன். இப்போது போனுக்கு வந்த ஆறு இலக்கத்தைக் கேட்கிறது. கொடுக்கட்டோ?"

"அக்கா, ஒன்றையும் தொடவேண்டாம். முதலில் வங்கிக்குச் சொல்லி அட்டையை நிறுத்துங்கோ. இதோ வருகிறேன்" என்று கூறிவிட்டுச் சைக்கிளை எடுத்தோம்.

நாம் போய்ப் பார்த்தபோது கணினி நல்ல சுகமாகவே இருந்தது. திரையின் வலப்பக்கக் கீழ்மூலையில், சிவப்பு அடையாளத்துடன் கூடிய சிறு அறிவிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து அச்சுறுத்திக்கொண்டிருந்தன. அவற்றை அனுப்பியது எங்கோ உள்ள ஓர் இணையத்தளம். அதற்கு அந்த உரிமை எவ்வாறு கிடைத்தது? விடை கதவோரத்தில் நின்றது. உயர்தர வகுப்பிற் படிக்கும் எமது மருமகள் தலைகுனிந்தபடி, "மாமா, நான்தான் அழுத்தினேன்" என்றாள். மூன்று வாரங்களுக்கு முன்னர் பழைய வினாத்தாள்களைத் தேடிச் சென்றபோது ஒரு பக்கம், 'நீங்கள் இயந்திரம் அல்லர் என்பதைக் காட்ட, அனுமதி என்பதை அழுத்துக' என்று கேட்டிருக்கிறது. பிள்ளை அழுத்திவிட்டாள். அன்று தொடங்கி அறிவிப்புகள் வந்தன. ஏச்சு விழும் என்று அஞ்சி அவள் எவரிடமும் சொல்லவில்லை.

நல்லவேளையாகக் காசு போகவில்லை. ஆயினும் அன்றிரவு வீடு திரும்புகையில் ஓர் எண்ணம் எம்மை விட்டு அகலவில்லை. இங்கே கள்வன் பூட்டை உடைக்கவில்லை. வேலி பாயவும் இல்லை. நாமே திறந்துவிட்டு மறந்துபோன படலையால் அவன் நடந்து வந்தான். அங்ஙனமாயின், திறந்த நாமே அதனைச் சாத்தவும் முடியுமன்றோ? அதனைச் சாத்தும் வழியை நம் குடும்பங்களில் எத்தனை பேர் அறிந்திருக்கின்றோம்? இதன் பொருட்டே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

இணையத்தளங்களை நமக்குக் காட்டும் கருவிக்கு உலாவி என்று பெயர். குரோம், பயர்பொக்ஸ், சபாரி, எட்ஜ் என்பன அதன் வகைகள். ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்த ரிம் பேர்ணர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேய அறிஞர், 1990ஆம் ஆண்டில் முதலாவது உலாவியை ஆக்கினார். ஆராய்ச்சியாளர் தம்முள் ஏடுகளைப் பகிர்ந்துகொள்வதே அன்றைய நோக்கம். எழுத்தைக் காட்டுவதே அதன் தலையாய வேலையாயிருந்தது. இன்றோ அதே கருவியினூடாக நாம் வங்கிக்குச் செல்கின்றோம். பிள்ளைகள் பாடம் கேட்கின்றனர். கடல் கடந்த உறவினரின் முகத்தைப் பார்க்கின்றோம். பணி பெருகப் பெருக வாசல்களும் பெருகின. உலாவி நம் கைக்கு வரும்போது அவ்வாசல்களுட் சில, நாம் வேண்டியோ வேண்டாமலோ, திறந்தபடியே வருகின்றன. இனி அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, அனுமதிகள். அறிவிப்பு அனுப்புதல், நாம் இருக்கும் இடத்தை அறிதல், ஒளிப்படக்கருவியையும் ஒலிவாங்கியையும் இயக்குதல் ஆகியவற்றுக்கு ஒரு தளம் நம்மிடம் அனுமதி கேட்டல் வேண்டும். ஒருமுறை 'ஆம்' என்றால் அது பெரும்பாலும் நிலையான 'ஆம்' ஆகிவிடும். அந்தப் பக்கத்தை மூடிய பின்னரும் அறிவிப்புகள் வந்துகொண்டேயிருக்கும். தமக்கையார் வீட்டில் நிகழ்ந்தது இதுவே. குரோம் உலாவியில் வலப்பக்க மேல்மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, அமைப்புகள் என்பதைத் திறந்து, தனியுரிமை, பாதுகாப்பு என்னும் பகுதியில் தள அமைப்புகளுக்குச் சென்றால், எந்தெந்தத் தளத்துக்கு எந்தெந்த அனுமதி உண்டு என்பது பட்டியலாகக் கிடைக்கும். அன்று அங்கே அறிவிப்பு அனுப்பும் உரிமை பெற்ற 11 தளங்களைக் கண்டோம். அவற்றுள் வீட்டார் அறிந்தது ஒன்றேயொன்று. மற்றவற்றை நீக்கினோம், இனி எத்தளமும் அறிவிப்பு அனுப்பலாகாது என்னும் தெரிவையும் இட்டோம். ஐந்து வைரஸ்களும் அந்த நொடியிலேயே மறைந்தன! பத்து நிமிடத்துக்கும் குறைவான வேலை.

இரண்டாவது, குக்கீகள். 1994இல் நெற்ஸ்கேப் நிறுவனத்தின் பொறியியலாளரான லூ மொன்ருல்லி இவற்றை அமைத்தார். இணையத்தளத்துக்கு இயல்பாக ஞாபகசக்தி கிடையாது. பக்கத்துக்குப் பக்கம் நாம் அதற்குப் புதியவரே. ஆதலின், தளம் நம் உலாவியில் ஒரு சிறு துண்டுச் சீட்டை வைத்துச் செல்கிறது. மறுமுறை அச்சீட்டைக் கண்டு நம்மை இனங்கொள்கிறது. இது பயனுள்ளதே. ஆனால் நாம் பார்க்கும் பக்கத்தில் விளம்பரம் இடும் வேறொரு நிறுவனமும் தன் சீட்டை வைக்கலாம். அதே நிறுவனம் நூறு தளங்களில் விளம்பரம் செய்தால், நூறு இடத்தும் தன் சீட்டைக் கண்டு, நாம் எங்கெங்கே சென்றோம் என்று கணக்கெழுதலாம். இவையே மூன்றாந் தரப்புக் குக்கீகள். சபாரி இவற்றை 2020 முதல் தானாகவே தடுக்கிறது. பயர்பொக்ஸ் 2022 முதல் ஒவ்வொரு தளத்தின் சீட்டுகளையும் வெவ்வேறு பேழையில் இட்டுப் பூட்டுகிறது. குரோமை நடத்தும் கூகுள் நிறுவனமோ, இவற்றை ஒழிப்பதாக 2020இல் அறிவித்து, 2024இல் அத்திட்டத்தைக் கைவிட்டது. எனவே குரோமைப் பயன்படுத்துவோர் அமைப்புகளுக்குச் சென்று தாமே இவற்றைத் தடுத்தல் வேண்டும். தடுத்தபின் எங்கேனும் ஒரு தளம் சரிவர இயங்காவிடின், அத்தளத்துக்கு மாத்திரம் விலக்களிக்கலாம்.

மூன்றாவது, பாதுகாப்பான தொடர்பு. தள முகவரி 'எச்.ரி.ரி.பி.எஸ்.' என்று தொடங்கினால், நம் கணினிக்கும் அத்தளத்துக்கும் இடையே செல்வன யாவும் உறையிலிட்ட கடிதம் போல மறைந்து செல்லும். இறுதி எழுத்தாகிய 'எஸ்.' இல்லையேல் அது தபாலட்டை, வழியிலுள்ளோர் படிக்கலாம். பாதுகாப்பான தொடர்பையே எப்போதும் பயன்படுத்துக என்னும் அமைப்பு குரோமிலும் பயர்பொக்ஸிலும் உண்டு. அதனை இட்டுவிட்டால், தபாலட்டைத் தளத்துக்குப் போகுமுன் உலாவி நம்மை எச்சரிக்கும். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. கள்வனும் தன் கடிதத்தை உறையில் இடலாம். உறை ஒட்டியிருப்பது வழியிலுள்ளோர் படிக்கவில்லை என்பதற்கே சான்று. எழுதியவர் யோக்கியர் என்பதற்குச் சான்றாகாது. முகவரிப் பட்டையிலிருந்த பூட்டுச் சின்னத்தைக் கண்டு மக்கள் தளத்தையே நல்லதென நம்பிவிடுகின்றனர் என்பதனாலேயே குரோம் 2023இல் அச்சின்னத்தை அகற்றி வேறொன்றை வைத்தது.

நான்காவது, கடவுச்சொற்கள். ஒரே கடவுச்சொல்லைப் பத்து இடத்துக்கும் வைப்பது, வீட்டுக்கும் அலுமாரிக்கும் பெட்டகத்துக்கும் ஒரே திறப்பை வைப்பதை ஒக்கும். ஓரிடத்தில் அது களவு போனால் யாவும் போயின. வெவ்வேறு கடவுச்சொற்களை ஆக்கி நினைவில் வைக்கும் பணியை உலாவியே ஏற்கும். அதில் மற்றொரு நன்மையும் உண்டு: வங்கியின் தளத்தைப் போல வேடமிட்ட போலித் தளத்துக்கு நாம் ஏமாறினாலும், முகவரி வேறுபடுவதால் உலாவி அங்கே கடவுச்சொல்லைத் தானாக இடாது. அது தயங்கினால் நாமும் தயங்குதல் நன்று. ஆனால் ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தும் வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பயனர் கணக்கு வேண்டும். பொதுக் கணினிகளிலோ கடவுச்சொல்லை ஒருபோதும் சேமித்தலாகாது.

ஐந்தாவது, நீட்டிப்புகளும் புதுப்பித்தலும். நீட்டிப்பு என்பது உலாவியோடு நாம் சேர்க்கும் சிறு துணைக்கருவி. அவற்றுட் பல, நாம் பார்க்கும் எல்லாப் பக்கங்களையும் படிக்கும் உரிமையைக் கேட்டுப் பெறுகின்றன. பயன்படுத்தாதவற்றை இன்றே அகற்றுக. புதுப்பித்தலோ நேர்மாறானது, அதனைத் தள்ளிப்போடலாகாது. உலாவியிற் காணப்படும் பிழைகளை ஆக்கியோர் அவ்வப்போது திருத்தி அனுப்புகின்றனர். உலாவியை மூடித் திறக்கும்போதே அத்திருத்தம் நடைமுறைக்கு வரும். வாரக்கணக்கில் மூடாமலே வைத்திருப்போர் இதனைக் கவனிக்க.

நிற்க. பாதுகாப்பைப் போலவே அன்றாட வசதிக்கும் சில அமைப்புகள் உண்டு. கண்பார்வை மங்கிய பெரியோருக்காக எழுத்தைப் பெரிதாக்கலாம்; கொன்ட்ரோல் விசையுடன் கூட்டற் குறியை அழுத்தினாலே பக்கம் பெரிதாகும். மொழியைத் தமிழாக மாற்றினால், அனுமதி கேட்கும் வாசகங்களைப் பெற்றோரும் படித்து விளங்கிக்கொள்வர். பதிவிறக்கும் ஒவ்வொரு கோப்பையும் எங்கே வைப்பது என்று கேட்கும்படி அமைத்தால், கேளாமல் இறங்கும் கோப்பு உடனே புலப்படும்.

மாணவர்க்கு ஒரு வார்த்தை. மறைநிலை என்னும் வசதி நம்மை உலகிலிருந்து மறைப்பதாகச் சிலர் எண்ணுகின்றனர். அது அக்கணினியில் வரலாற்றைப் பதிவுசெய்யாது விடும், அவ்வளவே. நாம் சென்ற தளமும், இணைப்பை வழங்கும் நிறுவனமும் நம்மைக் காணும்.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை உண்டு. எத்தனை அமைப்புகளை இட்டாலும், தவறொன்று நேரத்தான் செய்யும். அப்போது பிள்ளை அஞ்சாமல் வந்து சொல்லும் வீடாக நம் வீடு இருத்தல் வேண்டும். மருமகள் முதல் நாளே சொல்லியிருந்தால், தமக்கையாரின் கை வங்கி அட்டைவரை சென்றிராது. அவள் சொல்லாமைக்குக் காரணம் அறியாமையன்று, அச்சமே. அச்சத்தை உண்டாக்கியோர் பெரியோராகிய நாமே.

அன்று அமைப்புகளை நாம் மாற்றவில்லை. மருமகளை நாற்காலியில் இருத்தி, ஒவ்வொன்றையும் அவள் கையாலேயே மாற்றச் சொன்னோம். தமக்கையார் அருகிருந்து பார்த்தார். கடந்த மாதம் தொலைபேசி மணி அடித்தது. "மாமா, ஒரு தளம் நான் இருக்கிற இடத்தை அறிய அனுமதி கேட்குது. படிப்பு விஷயம்தான். என்னுடைய இடம் அதுக்கு எதுக்கு?" என்று கேட்டாள். "உனக்கு என்ன தோன்றுகிறது, பிள்ளை?" என்றோம்.

"வேண்டாம் என்று போட்டுவிட்டேன். அம்மாவும் அதைத்தான் சொன்னவ" என்றாள்.