ஓசியில வாசிக்காதீங்க பாஸ்!

காலேஜ் டேன்னா நம்ம பசங்களுக்கு ஒரு குத்து வேணும். மேடையில நாலு பறை, ஒரு உருமி, வேட்டியை மடிச்சுக் கட்டின பத்துப் பேர். எட்டே நிமிஷம்! ஆடிட்டோரியம் மொத்தமும் எந்திரிச்சு ஆடுது. அடுத்த வாரமே பக்கத்து ஊர் மாரியம்மன் நோம்பிக்குக் கூப்பிட்டு போன் வருது. சோறு கிடைக்கும், ரீல்ஸ் பறக்கும், ஊரே கை தட்டும். இதுக்கு மேல என்ன வேணும்கறீங்களா?

ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேணுமுங்க. போன வருஷம் அந்த நோம்பியில வாசிச்சது யாரு? இந்த வருஷம் அவங்க எங்கே?

மாடு சொல்லும் மார்க்!

நம்ம உடுமலைப்பேட்டைக்காரங்களுக்கு இதைப் புரிஞ்சுக்க ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. பெதப்பம்பட்டி பக்கத்துல சோமவாரப்பட்டி. அங்கே இருக்கற ஆல்கொண்டமால் கோயில்ல பொங்கலை ஒட்டி மூணு நாள் திருவிழா. மாடு கன்னு நல்லா இருக்கணும்னு விவசாயிங்க பால் கொண்டுவந்து ஊத்துவாங்க, மண்ணுல செஞ்ச மாட்டு உருவாரங்களை வெச்சுக் கும்பிடுவாங்க.

அந்தக் கூட்டத்துக்கு நடுவுல 'உர்ர்ரும்'னு ஒரு சத்தம் கேட்கும். அதுதான் உருமி. சலகெருது வருதுன்னு அர்த்தம். கோயிலுக்குன்னு நேர்ந்து விட்ட மாட்டை அலங்கரிச்சு, கையில மூங்கில் கம்போட ஒருத்தர் அதுக்கு முன்னாடி ஆட, உருமி அடிக்கு மாடும் கூடவே கால் மாத்தும். சுத்து வட்டாரத்துல கம்பளத்து நாயக்கர் சமூகம் வாழற ஊர்கள்ல மார்கழி மாச ராத்திரி முழுக்க இதுக்குப் பழக்கம் நடக்கும். கூடவே தேவராட்டமும் உண்டு.

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல 'ஃபீட்பேக்'னு படிக்கிறோமே, அதை இங்கே வந்து பாருங்க. மாடு மிரண்டா வாசிக்கறவர் உடனே நடையைக் குறைக்கணும். மாடு சூடு பிடிச்சா கூடவே ஏத்தணும். நம்ம ஆடிட்டோரியத்துல தாளம் தப்பினாலும் ஃப்ரெண்ட்ஸ் விசில் அடிப்பாங்க. மாடு அடிக்காது!

லேப்ல சொல்லித் தராத பாடம்

உருமி இடை சிறுத்த கருவி. ரெண்டு முகம். ஒரு முகத்தைக் குச்சியால அடிக்கணும், இன்னொண்ணை வளைஞ்ச குச்சியால தேய்க்கணும். குச்சி தோலைப் பிடிச்சு இழுத்து, சட்டுனு விட்டு, மறுபடி பிடிக்கும். வயலின் கம்பியில வில் பண்ற அதே வேலைதான். அந்த உறுமலை வரவைக்கறதுக்குள்ள நமக்கு மணிக்கட்டு கழண்டுடும்.

பறைக்கு ரெண்டு குச்சி. ஒல்லியா நீளமா இருக்கறது சிண்டுக்குச்சி, தடிமனா குட்டையா இருக்கறது அடிக்குச்சி. மார்கழிப் பனியில தோல் தளர்ந்து 'தொப்பு தொப்பு'ன்னு சத்தம் வரும். ஓரமா ஓலையைக் கொளுத்தி அனல் காட்டினா ஈரம் போய் இறுகி, 'கணீர்'னு பேச ஆரம்பிக்கும். எவ்வளவு காட்டணும்னு எந்த ஃபார்முலாவும் இல்லை. கொஞ்சம் கூடினா தோல் போச்சு. வாசிக்கறவர் விரலால சுண்டிப் பார்த்தே சொல்லிடுவார்.

நம்ம கொங்குல உடுக்கை அடிச்சுப் பாடற அண்ணன்மார் கதை தெரியுமில்ல? பிரெண்டா பெக்னு ஒரு மானிடவியல் ஆய்வாளர், 1965-ல காங்கேயம் பக்கம் ஒலப்பாளையத்துல தங்கி அதைப் பதிவு பண்ணினாங்க. பாடி முடிக்க ஆனது பதினெட்டு ராத்திரி! நம்ம எட்டு நிமிஷத்தை அதுக்குப் பக்கத்துல வெச்சுப் பார்த்தா, நாம தொட்டிருக்கறது நுனியைத்தான்னு தெரியும்.

சீசன் கணக்கு

இனி காசு விஷயத்துக்கு வருவோம். மார்கழி, தை ஒரு சீசன். பங்குனி, சித்திரையில மாரியம்மன் நோம்பிகள். கம்பம் நட்டு, அதைச் சுத்தி ராத்திரி ராத்திரி ஆட்டம். மத்த மாசத்துல கல்யாணம், சாவு, காதுகுத்துன்னு கிடைச்சா உண்டு. எட்டுப் பேர் இருக்கற ஒரு செட்டுன்னா வண்டி வாடகை, தோல் மாத்தற செலவு எல்லாம் போக மிச்சத்தை எட்டாப் பிரிக்கணும். அதை வெச்சுத்தான் சீசன் இல்லாத மாசங்களையும் ஓட்டணும்.

ஏற்கெனவே டி.ஜே. செட்டும் கேரளா செண்டை மேளமும் பாதி நோம்பியைப் பிடிச்சாச்சு. மீதிக்கு இப்போ நாமளும் கிளம்பிட்டோம், அதுவும் ஃப்ரீயா! ஊர்க் கமிட்டி என்ன சொல்லும்? 'காலேஜ் பசங்க சோத்துக்கே வந்து வாசிக்கறாங்க, நீங்க இவ்வளவு கேட்கறீங்களே'ன்னு பேரம் பேசும். நாம ஜாலியா வாசிச்ச ஒரு ராத்திரி, அவங்க வீட்டுல ஒரு வார அரிசி.

இந்த 'சோத்துக்கு வாசிக்கறது'ங்கற வார்த்தைக்குப் பின்னாடி ஒரு வலி இருக்கு பாஸ். பறை அடிக்கறதை ஒரு சாதிக்கான கட்டாய வேலையா ஊர் திணிச்சுவெச்ச காலம் உண்டு. சாவுக்கு அடி, சேதி சொல்லு, கூலியா தானியமோ மிஞ்சின சோறோ வாங்கிக்கோன்னு நடத்தினாங்க. அந்த அவமானம் வேண்டாம்னு கருவியையே தூக்கிப் போட்டவங்க இருக்காங்க. போடாம வெச்சிருக்கறவங்க இன்னிக்கு 'எங்க ரேட் இவ்வளவு'ன்னு நிமிர்ந்து சொல்றாங்களே, அது அவங்க ஜெயிச்சு வாங்கின உரிமை. அந்த ரேட்டை நம்ம ஆசைக்காக உடைக்கலாமா?

நாட்டு மரியாதை மெதுவா வந்துட்டுதான் இருக்கு. மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்திரப்பனுக்கு 2024-ல பத்மஸ்ரீ அறிவிச்சாங்க. வள்ளி கும்மியைப் பெண்களுக்கும் கத்துக்கொடுத்து ஆட வெச்சவர். 2025-ல பறைக்காக மதுரை வேலு ஆசானுக்கு அதே விருது. சந்தோஷம்! ஆனா ரெண்டு பேருக்கு விருது கிடைச்சா ஊர்ல இருக்கற அத்தனை செட்டுக்கும் கூலி கிடைச்சுடாது. அது கமிட்டிக்காரங்க கையிலயும் நம்ம கையிலயும் இருக்கு.

அப்போ நாம வாசிக்கவே கூடாதா?

யாருங்க அப்படிச் சொன்னது? தாராளமா வாசிங்க! பக்கத்துல இருக்கற பூளவாடியில 1899-ல பொறந்த உடுமலை நாராயணகவி, சின்ன வயசுல ஊர்க் கலைகளைக் கத்துக்கிட்டுத்தான் பின்னாடி சினிமாப் பாட்டுல கொடி நாட்டினார். நமக்கும் கதவு திறந்துதான் இருக்கு. உள்ளே போறதுக்கு முன்னாடி நாலு விஷயம் மட்டும்:

* கத்துக்கிட்டா ஃபீஸ் கொடுங்க. டான்ஸ் கிளாஸுக்கும் ஜிம்முக்கும் கொடுக்கறோமே!

* நோம்பிக்குக் கூப்பிட்டா உள்ளூர் செட் என்ன வாங்குதோ அதையே கேளுங்க. பாக்கெட் மணி வேண்டாம்னா, சொல்லிக்கொடுத்த ஆசான்கிட்ட கொடுத்துடுங்க. இல்லைன்னா அந்த செட்டையே கூப்பிடச் சொல்லி, அவங்களோட ஓரமா நின்னு வாசிங்க. பாடமும் ஆச்சு!

* உங்க கல்ச்சுரல்ஸ் பட்ஜெட்ல லைட்டுக்கும் கெஸ்ட்டுக்கும் ஒதுக்கறப்போ ஒரு ஊர் செட்டுக்கும் ஒதுக்குங்க. அட்வான்ஸை முன்கூட்டியே கொடுங்க. மைக்ல 'கிராமியக் கலைஞர்கள்'னு மொத்தமா சொல்லாம, ஆளாளுக்குப் பேரைச் சொல்லி அறிவிங்க.

* நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியத்துல உறுப்பினரா இருந்தா குழந்தைங்க படிப்பு, கல்யாணம்னு உதவித்தொகை உண்டு. ஃபார்ம் நிரப்பறது, ஸ்கேன் பண்றது நமக்கு அரை மணி நேர வேலை. ஒரு நாள் உட்கார்ந்து செஞ்சு கொடுங்க.

அவ்வளவுதான். அடுத்த நோம்பிக்கு கமிட்டிக்காரர் போன் பண்ணி, "தம்பி, சும்மா வந்து வாசிச்சுட்டுப் போங்க"ன்னு சொன்னா, "எவ்வளவுங்ண்ணா கொடுப்பீங்க?"ன்னு கேளுங்க. கேட்கறதுக்குக் கூச்சமா இருக்குமா? இருக்கட்டுமே! அடுத்த வருஷம் அதே கமிட்டிகிட்ட ரேட் பேச வர்றவருக்கு அந்தக் கூச்சம் இல்லாமப் போகும்.