மணிச்சத்து உரம்: கரைவதும் கரையாததும் ஏன்?

டி.ஏ.பி. என்பதன் விரிவு டை அம்மோனியம் பாஸ்பேட். 'டை' என்றால் இரண்டு. எவை இரண்டு?

மணிச்சத்து உரங்களுக்கு மூலம் பாஸ்பாரிக் அமிலம். இதன் ஒரு மூலக்கூறில், காரப் பொருளுக்கு இடம் விடக்கூடிய ஹைட்ரஜன்கள் மூன்று உள்ளன. எனவே இதனை 'முக்காரத்துவ அமிலம்' என்பர். அமிலத்தில் காரம் இருப்பதாகப் பொருளல்ல. எத்தனை பங்கு காரத்தை ஏற்கும் என்பதே பொருள். நைட்ரிக் அமிலம் ஒரு பங்கு ஏற்கும்; கந்தக அமிலம் இரண்டு பங்கு. டி.ஏ.பி.யில் மூன்று இடங்களில் இரண்டை அம்மோனியம் பிடித்துள்ளது.

சூப்பர் பாஸ்பேட்டில் ஓர் இடத்தை மட்டுமே சுண்ணாம்புச்சத்து பிடித்துள்ளது. ஆகவே நீரில் கரையும். பயிருக்கு விரைவில் கிடைக்கும். சுண்ணாம்பு இரண்டு இடங்களைப் பிடித்தால் கரையும் தன்மை குறையும். மூன்றையும் பிடித்தால் நீரில் கரையாது எனலாம். பாறை பாஸ்பேட் இத்தகையதே.

அதைக் கரைக்க மண்ணில் அமிலத்தன்மை வேண்டும். நீலகிரியின் அமில மண்ணில் தேயிலைக்கு அது ஏற்றது. சுண்ணாம்பு மிகுந்த கரிசலில், விலை மலிவு என்று அதை அப்படியே இட்டால், அந்தப் பருவப் பயிருக்குப் பயன் கிட்டாது.

சூப்பர் பாஸ்பேட்டுடன் சுண்ணாம்பையோ சாம்பலையோ கலந்து வைக்கக் கூடாது. மீதியுள்ள இடங்களையும் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும். கரையும் உரம் கரையாததாகிவிடும்.

உரம் வாங்குமுன் மண் பரிசோதனை அட்டையில் கார அமில நிலையைப் பார்க்கவும். 5.5-க்குக் குறைவானால் பாறை பாஸ்பேட் இடலாம். 7-ம் அதற்கு மேலுமானால், சூப்பர் பாஸ்பேட்டை மக்கிய தொழு உரத்துடன் கலந்து அடியுரமாக இடுவதே நல்லது.