விளங்காத கையும் விளங்காத சொல்லும்

தமிழில் ‘விளங்குதல்’ என்னும் சொல்லுக்குப் பொருள் பல. ஒளிர்தலும் விளங்குதல்; தெளிவாகப் புரிதலும் விளங்குதல். பேச்சு வழக்கில் இன்னொரு பொருளும் உண்டு. பக்கவாதத்தால் தாக்குண்ட ஒருவரைப் பற்றிப் பேசும்போது, ‘அவருக்கு வலக்கை விளங்காமற் போயிற்று’ என்பர் ஊரார். செவியில் விழுந்தும் பொருள்படாத சொல்லையும், உடலோடு ஒட்டியிருந்தும் தொழிற்படாத கையையும் நம் மக்கள் ஒரே வினையாற் சுட்டுகின்றனர். இதிலிருந்து பெரியதொரு மொழியியல் முடிவைக் கட்டியெழுப்ப நாம் விரும்பவில்லை. ஆயினும் இவ்விரு பொருளும் உண்மையிலேயே ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. அதுதான் இயன்முறை மருத்துவம். மக்கள் ‘பிசியோதெரபி’ என வழங்குவது. அங்கே சொல் விளங்காவிடின் கையும் விளங்காது. இதனை ஆய்வாளர் கண்டறிந்த வகையை இங்கு விளக்க முற்படுகிறோம்.

மாத்திரையை விழுங்கியவர் அதன் பெயரைக்கூட அறிய வேண்டியதில்லை; அது தன் வேலையைச் செய்துவிடும். அறுவை மருத்துவம் நடைபெறும்போது நோயாளி மயக்கத்திற் கிடக்கிறார். இயன்முறை மருத்துவத்திலோ நோயாளி தாமே செய்தாலன்றி எதுவும் நடவாது. 1894ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் செவிலியர் நால்வர் இத்தொழிலுக்கெனச் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தபோது, உடலைப் பிடித்துவிடுதலே அவர்தம் முதன்மையான பணியாக இருந்தது. பின்னர் இரண்டு உலகப் போர்களும் இளம்பிள்ளை வாதமும் அதன் எல்லையை விரித்தன. நோயாளியை அசைப்பதைவிட, அவர் தாமே அசையக் கற்பிப்பது முதன்மை பெற்றது. அதாவது, மருத்துவரின் கை செய்த வேலையிற் பெரும்பகுதியை அவர்தம் சொல் ஏற்றுக்கொண்டது.

வேலூர் தந்த சான்று

இதற்குத் தெளிவானதொரு சான்று நம் வேலூரிலேயே உள்ளது. 1946ஆம் ஆண்டு அங்குள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிச் செயலிழந்த கைகளைச் சீர்செய்யும் பணியில் ஈடுபட்டார். செயலற்ற தசையின் வேலையைச் செய்வதற்கு, நலமாக உள்ள வேறொரு தசையின் நாணைப் பிரித்துக் கொணர்ந்து பொருத்துவது இவ்வகை அறுவையின் அடிப்படை. எடுத்துக்காட்டாக, மோதிர விரலை மடக்கும் நாண்கள் இரண்டு. அவற்றுள் ஒன்றைப் பிரித்துப் பெருவிரலோடு இணைத்தால், பெருவிரல் மற்ற விரல்களுக்கு எதிரே வந்து நிற்கும் ஆற்றலைப் பெறும். பெருவிரல் எதிரே வராத கையால் ஒரு கவளம் சோற்றையும் எடுக்க இயலாது.

அறுவை முடிந்தது, நாண் இடம் மாறிவிட்டது. ஆனால் அந்த இடமாற்றம் மூளைக்குத் தெரியாது. ‘பெருவிரலை அசையுங்கள்’ என்று நோயாளியிடம் கூறினால், பழைய வழியே செல்லும் ஆணை பயனின்றி நின்றுவிடும். ‘மோதிர விரலை மடக்க முயலுங்கள்’ என்று கூறினாலோ பெருவிரல் அசைகிறது! தொழுநோயில் கையின் உணர்ச்சியும் மங்கியிருப்பதால், விரல் அசைவதை அவர் கண்ணாற் கண்டே நம்ப வேண்டும். நாட்கள் செல்லச் செல்லப் பெருவிரலை நினைத்தாலே அது அசையும் நிலை வருகிறது. கத்தி செய்த வேலையைச் சொல்லே நிறைவு செய்கிறது.

பிராண்டிடம் பயின்ற மேரி வர்கீஸ் 1954ஆம் ஆண்டு நேர்ந்த ஊர்தி விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பெற்று, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அதன் பின்னரும் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்பு நியூயார்க்கில் ஓவர்டு ரஸ்க் என்பாரின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966ஆம் ஆண்டில் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்ததில் அவர் பங்கு பெரிது.

சொல்லை மாற்றினால்

ஒரே அசைவை இருவேறு விதமாகச் சொல்லிக் கற்பித்தால் விளைவு வேறுபடுமா? 1998ஆம் ஆண்டில் காப்ரியேல் வுல்ஃப் என்னும் ஆய்வாளரும் அவர்தம் துணைவரும் இதனைச் சோதித்தனர். பனிச்சறுக்கு போன்ற அசைவைப் பழக்கும் கருவி ஒன்றில் நலமான இளைஞர்களை நிறுத்தினர். ஒரு பிரிவினரிடம் தம் பாதங்களின் மீது கவனம் வைக்குமாறு கூறினர். மற்றொரு பிரிவினரிடம் காலடியில் உள்ள கருவியின் சக்கரங்களின் மீது கவனம் வைக்குமாறு கூறினர். பாதத்திற்கும் சக்கரத்திற்கும் இடையே தொலைவு மிகச் சிறிது. ஆயினும் சக்கரத்தை எண்ணியவரே நன்கு கற்றனர்.

2002ஆம் ஆண்டு ஃபசோலி என்பாரும் பிறரும் இதே வினாவைப் பக்கவாதம் உற்றவரிடம் எழுப்பினர். அலமாரித் தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசையில் வைப்பது போன்ற எளிய செயல்களே சோதனை. முழங்கை எவ்வளவு நீள்கிறது, விரல்கள் எவ்வாறு அசைகின்றன என்பதை எண்ணுமாறு கூறியபோது கை மெதுவாகச் சென்றது. அந்தப் பொருள் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, எத்துணைக் கனமானது என்பதை எண்ணுமாறு கூறியபோது அதே கை விரைந்து சென்றது. ஆனால் 2009இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஓர் ஆய்வு, பக்கவாத நோயாளரிடம் இயன்முறை மருத்துவர் கூறும் திருத்தங்களில் மிகப் பெரும்பாலானவை உடலுறுப்பைப் பற்றியனவே எனக் காட்டியது. பின்னர் வந்த ஆய்வுகள் எல்லா நோயாளருக்கும் இம்முறை ஒரே அளவிற் பயன்படுவதில்லை என்பதையும் எடுத்துரைத்துள்ளன. எனவே இதனை மந்திரமாகக் கொள்ளுதல் கூடாது. எனினும் ‘முழங்கையை நீட்டுங்கள்’ என்பதற்கு மாறாக ‘அந்தச் செம்பை எட்டி எடுங்கள், அத்தா’ என்று ஒருமுறை சொல்லிப் பார்ப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

வீட்டில் நிகழ்வது

மருத்துவமனையிற் கழிவது அரைமணி நேரம்; எஞ்சிய நேரமெல்லாம் வீட்டில். கற்பித்த பயிற்சியை வீட்டில் ஏன் பலர் செய்வதில்லை? நெதர்லாந்தில் 1993ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று மூன்று காரணங்களை முதன்மையாகச் சுட்டிற்று: அன்றாட வாழ்வில் எதிர்ப்படும் தடைகள், ‘நன்றாகச் செய்கிறீர்கள்’ என்று கூறுவார் இன்மை, தம்மால் ஒன்றும் இயலாது என்னும் எண்ணம். சோம்பல் என்று நாம் எளிதாகத் தீர்ப்புக் கூறிவிடுகிறோமே, அது இம்மூன்றில் இல்லை என்பது நோக்கத்தக்கது. 1999இல் அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தவரிடம் நிகழ்த்திய ஆய்வில், 2 பயிற்சிகள் மட்டும் பெற்றவர் 8 பயிற்சிகள் பெற்றவரைவிடச் சரியாகச் செய்தனர்.

நாம் நன்கறிந்த முதியவர் ஒருவருக்கு மூட்டு மாற்று அறுவை நடைபெற்றது. வீடு திரும்புகையில் ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளொன்றைக் கொடுத்தனர். அதில் படங்களும் அம்புக்குறிகளும் இருந்தன. ‘வலித்தால் நிறுத்திவிடுங்கள்’ என்றும் கூறியிருந்தனர். முதல்நாள் காலை மடக்கியவுடன் வலித்தது, நிறுத்திவிட்டார். மறுநாளும் அவ்வாறே. சில வாரங்களுக்குப் பின் நாம் காணச் சென்றபோது முழங்கால் கட்டைபோல் விறைத்திருந்தது. ‘ஏன் அத்தா பயிற்சி செய்யவில்லை?’ என்று கேட்டோம். ‘நிறுத்தச் சொன்னாங்க, நிறுத்திட்டேன்’ என்றார். சொல்லுக்குச் சொல் கீழ்ப்படிந்திருக்கிறார்! கூறியவர் எண்ணியது குத்தும் கடும் வலியை. கேட்டவர் கொண்டது தசை இழுபடும் வலியை. மூட்டு எளிதில் இணங்கி வரும் தொடக்க வாரங்கள் இதற்கிடையே கழிந்துவிட்டன. இழந்த மடக்கத்தை முழுமையாக அவர் பின்னர் மீட்கவேயில்லை.

‘புரிந்ததா?’ என்று கேட்டால் நம் பெரியவர்கள் மரியாதைக்காகவேனும் ‘சரிங்க’ என்பர். ‘வீட்டில் மகள் கேட்டால் இதை எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேட்டால்தான் விளங்கியது எது, விளங்காதது எது என்பது வெளிப்படும். கூறியதைத் திரும்பக் கூறச் செய்யும் இம்முறையை மருத்துவக் கல்வியாளர் இன்று வலியுறுத்துகின்றனர்.

வலி என்பதும் ஒரு சொல்தானா? கனடா நாட்டு அறிஞர் ரொனால்டு மெல்சாக் 1975ஆம் ஆண்டு வெளியிட்ட வினாப்பட்டியலில் வலியை விவரிக்கும் 78 ஆங்கிலச் சொற்கள் 20 தொகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளன. தமிழில் குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல், இழுப்பு, தெறிப்பு என அடுக்கலாம். மரத்துப்போதலும் ஊர்தலும் நரம்பின் குறையை உணர்த்தக்கூடியவை; குடைச்சல் எனின் வேறு திசையில் நோக்க நேரும். இவையனைத்தையும் ‘பெயின்’ என்னும் ஒரு சொல்லுள் அடக்கிக் குறிப்பேட்டில் எழுதும்போது, நோயாளி கொடுத்த செய்தியிற் பாதி சிந்திவிடுகிறது.

பேச்சிழந்தவரிடம்

பெரும்பாலானோருக்கு மொழியாற்றல் மூளையின் இடப்புறத்தைச் சார்ந்தது. வலக்கையையும் வலக்காலையும் இயக்குவதும் அதே இடப்புறம்தான். ஆகவே வலப்பக்கம் விழுந்தவர் பலர் பேச்சையும் இழக்கின்றனர். அறிவு மழுங்கிவிட்டது என எண்ணி, சுற்றத்தார் அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசுவர். மருத்துவர் அவரிடம் கேட்கும் வினாவுக்கு மகன் விடையிறுப்பார். கனடாவில் ஆரா கேகன் என்பார் 2001ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இவ்விடத்திற் சிந்திக்கத்தக்கது. பேச்சிழந்தவரோடு உரையாடத் தன்னார்வலர் சிலருக்குப் பயிற்சி தந்தனர்: மெதுவாகவும் குறுகிய தொடர்களாலும் பேசுதல், முக்கியமான சொல்லை எழுதிக் காட்டுதல், ஆம்–இல்லை எனச் சுட்டக்கூடிய வினாக்களைக் கேட்டல், விடைக்குப் பொறுத்திருத்தல். பயிற்சி பெற்றவர் திறம் உயர்ந்தது வியப்பன்று. பயிற்சியே பெறாத நோயாளரும் உரையாடலில் முன்னிலும் மிகுதியாகப் பங்கு கொண்டனர் என்பதே வியப்பு. எதிரே இருப்பவர் பேசக் கற்றுக்கொண்டார். இவருக்கு வாய் திறந்தது.

நோயாளி எதை விரும்புகிறார் என்பதும் கேட்டால்தான் தெரியும். பிரித்தானியாவில் ரூத் பாரி என்பார் பக்கவாத நோயாளருக்கான பயிற்சி வேளைகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 2004இல் எழுதியபோது, இலக்கைப் பற்றிய வெளிப்படையான உரையாடல் அங்கு அரிதாகவே நிகழ்வதைக் கண்டார். நம்மூரில் ஒருவருக்குத் தரையிற் சம்மணமிட்டு உண்ண வேண்டும். இன்னொருவருக்குப் பேரப்பிள்ளையைத் தூக்க வேண்டும். நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம் என மார்க்கம் சலுகை தந்திருப்பினும், ஒரு முறையேனும் நெற்றியைத் தரையில் வைத்துத் தொழ வேண்டும் என ஏங்கும் முதியவர் உளர். அதனைக் கேட்டறிந்தால், தரையில் இறங்கி எழுதலையே பயிற்சியாக அமைக்க இயலுமா என மருத்துவர் ஆராய்வார். இயலாதெனின் அதனையும் நயமாக எடுத்துரைப்பார். கேளாவிடின் இருவரும் வெவ்வேறு இலக்கை நோக்கி உழைப்பர். பெண்கள் இத்தகைய விருப்பங்களை ஆண் மருத்துவரிடம் கூற நாணுதலும் உண்டு.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு மாதம் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவம் வீட்டு வாயிலுக்கே வருகிறது. செம்பும் அலமாரியும் தொழுகைப் பாயும் அங்கேயே உள்ளன. உடனிருந்து காப்பவரும் அங்கேயே உள்ளார். இல்லாதது, வட்டாரத்திற்கு ஏற்ற எளிய தமிழில் அமைந்த பயிற்சிக் குறிப்பும், அவ்வவ்வூர் வலிச் சொற்களின் தொகுப்புமே. இவை மருத்துவர் தனித்துச் செய்யக்கூடியவை அல்ல. தமிழ்த் துறைகள் செய்யக்கூடியவை. நம் மாணவர் அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஒரு குறிப்பேட்டை எடுத்துச் செல்லட்டும். குடைச்சலுக்கும் உளைச்சலுக்கும் என்ன வேறுபாடு என்று வீட்டிலுள்ள நன்னியிடம் கேட்கட்டும். நன்னிமார் இவ்வினாவுக்கு விடை கூறச் சலிப்பதில்லை. ஒரு குறிப்பேடு போதாது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறோம்.