'வந்துட்டியா' என்று நுழையும் பையன்

வெளியே போய்விட்டு வீட்டுக்குள் நுழையும் ஜப்பானியக் கார்ட்டூன் பையன் ஷின்சான் "ஒகாயெரி" என்பான். 'வந்துட்டியா, வா' என்று வீட்டிலிருப்பவர் சொல்லவேண்டிய சொல் அது. வருகிறவர் 'ததைமா', அதாவது 'வந்துட்டேன்' என்பதே ஜப்பானிய வழக்கம். அம்மா மிசாயே திருத்துவாள், அவன் மாறமாட்டான். அந்த ஐந்து வயதுப் பையனின் குணம் முழுக்க இதில் அடக்கம். பெரியவர்களின் வசனத்தை இவன் பேசிவிடுவான்.

யோஷிதோ உசுயி 1990இல் இவனை வரைந்தது பெரியவர்களுக்கான சித்திரக்கதை இதழில். 1992இல்தான் தொலைக்காட்சிக்கு வந்தான்.

பேரனோடு உட்கார்ந்து பார்த்தபோது எனக்கு முதலில் எரிச்சல்தான். "இதைப் பார்த்துத்தான் இவனுக்கு வாய் நீளுது மாமா" என்று மருமகள் சேனலை மாற்றுவாள். போகப்போகப் பிடிபட்டது. ஷின்சான் குடைமிளகாயைத் தொடமாட்டான். நாய் ஷிரோவுக்குச் சோறு வைக்க மறப்பான். அம்மாவின் மானத்தைக் கடைத்தெருவில் வாங்குவான். ஆனால் மனதில் வஞ்சம் இல்லை. தங்கை ஹிமாவாரிக்கு ஒன்றென்றால் முன்னால் நிற்பான்.

'ஒகாயெரி' சமாசாரத்தைப் பேரனுக்கு விளக்கியது என் தப்பு. நேற்றுப் பள்ளி விட்டு வந்தவன், பையை வீசிவிட்டு, ஈசிசேரில் கிடந்த என்னைப் பார்த்து, "வாங்க தாத்தா, இப்பத்தான் வர்றீங்களா?" என்றான்.