இழுப்பு இல்லாத நாளில் இன்ஹேலர் எதற்கு?

ஆஸ்துமா முற்றி ஆக்லாந்தில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 220 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. எல்லோரும் 6 முதல் 15 வயதுக்குள் இருப்பவர்கள். தினமும் இருவேளை இழுக்க வேண்டிய தடுப்பு இன்ஹேலரில் ஒரு சின்னக் கருவியை மாட்டிக் கொடுத்தார்கள். எப்போது அழுத்தினார்கள், எத்தனை முறை அழுத்தினார்கள் என்பதை அது குறித்துக்கொள்ளும். பாதிப் பேருடைய கருவியில் மட்டும் மருந்து நேரம் வந்தால் ரிங்டோன் ஒலிக்கும். மற்றவர்களுடையது வாயே திறக்காது.

ஆறு மாதம் கணக்கெடுத்ததில், ரிங்டோன் கேட்ட பிள்ளைகள் எழுதிக்கொடுத்த மருந்தில் 84 சதவீதத்தை எடுத்திருந்தார்கள். கேட்காதவர்கள் 30 சதவீதம்தான். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் ஏமி சான் குழுவினர் 2015இல் ‘லான்செட்’ குடும்பத்து இதழில் இதை வெளியிட்டார்கள். மூச்சுக்குத் தவித்து ஆஸ்பத்திரிக்கு ஓடிய பிள்ளைகள், பத்து வேளையில் ஏழு வேளையைக் கோட்டை விட்டிருக்கிறார்கள்!

மறதி மட்டும்தான் காரணம் என்றால் ஆளுக்கொரு மணியைக் கட்டிவிட்டு விஷயத்தை முடித்துவிடலாம். ஆனால் பெரியவர்களில் பலர் மறப்பதே இல்லை. “நல்லாத்தானே இருக்கேன்” என்று யோசித்து, முடிவெடுத்துத்தான் நிறுத்துகிறார்கள்.

அப்படி நினைக்க வைப்பதே தடுப்பு மருந்தின் குணம். நீல நிறத்தில் வரும் சால்பியூட்டமால் இன்ஹேலர், மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகிய தசையைத் தளர்த்தும். சில நிமிடத்தில் மூச்சு வந்துவிடும். ஆளுக்கும் நம்பிக்கை வந்துவிடும். தடுப்பு இன்ஹேலரில் இருப்பது ஸ்டீராய்டு. குழாயின் உட்சுவரில் கனன்றுகொண்டிருக்கும் அழற்சியை அது நாள்கணக்கில், வாரக்கணக்கில் தணிக்கும். இழுத்ததும் ஒன்றும் தெரியாது. நிறுத்தினாலும் மறுநாளே ஒன்றும் ஆகிவிடாது. பலன் கண்ணுக்குத் தெரியாத மருந்தை யார்தான் தினமும் எடுப்பார்கள்? நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்வில் 53 சதவீத நோயாளிகள், மூச்சுத் திணறும்போது மட்டும்தான் தங்களுக்கு ஆஸ்துமா இருப்பதாக நம்பினார்கள். 2006இல் வெளிவந்த முடிவு இது.

இந்த நம்பிக்கையில்தான் கை வைத்தார் ஆக்லாந்தின் உடல்நல உளவியல் பேராசிரியர் கீத் பெட்ரி. 16 முதல் 45 வயதுள்ள 216 பேரைச் சேர்த்து, நோயைப் பற்றி ஒவ்வொருவரும் என்ன நினைக்கிறார்கள் என்று முதலில் கேட்டறிந்தார்கள். பிறகு ஒரு பாதியினருக்கு மட்டும் 18 வாரம் குறுஞ்செய்திகள் போயின. ‘மாத்திரை நேரம்’ வகைச் செய்திகள் அல்ல அவை. ஆஸ்துமா வந்து வந்து போகும் என்று நினைப்பவருக்கு, அது உள்ளேயே இருப்பதைச் சொல்லும் செய்தி. மருந்து தேவையில்லை என்பவருக்கு அதன் தேவையைச் சொல்லும் செய்தி. 2012இல் வெளியான முடிவின்படி, செய்தி பெற்றவர்கள் 57.8 சதவீதம் மருந்து எடுத்தார்கள், பெறாதவர்கள் 43.2. இது அவர்களே சொன்ன கணக்கு, கருவி எண்ணியதல்ல. கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்கலாம்.

காசும் ஒரு காரணம்தான். நியூசிலாந்து அரசு 2023 ஜூலையில் 5 டாலர் மருந்துக் கட்டணத்தை நீக்கியது. ஒரே வருடத்தில் பலருக்கு அது திரும்ப வந்துவிட்டது.

நம் ஊர்க் கதை வேறு. “ஆஸ்துமான்னு எழுதாதீங்க டாக்டர், வீசிங்னே இருக்கட்டும்” என்று கேட்கும் பெற்றோர் உண்டு. பெண்பிள்ளை என்றால் கல்யாணக் கவலையும் சேர்ந்துகொள்ளும். “பம்ப் பழகிடும், மாத்திரையே குடுங்க” என்பார்கள். சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் இருக்கிறது. இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். அதாவது, ஒரு மாத்திரை நாற்பது அழுத்தலுக்குச் சமம். எதற்குப் பயப்பட வேண்டுமோ அதை விழுங்கிவிட்டு, பயப்பட வேண்டாததைப் பீரோவில் ஒளித்து வைக்கிறோம். இந்தியாவில் ஆஸ்துமா என்று கண்டறியப்பட்டவர்களிலேயே தினமும் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு என்கிறது, 2022இல் வெளிவந்த பல நகர ஆய்வு.

நோயாளியைத் திருத்தி முடியாது என்று மருந்தையே திருத்தியவர்களும் நியூசிலாந்துக்காரர்கள்தான். புடசனைடு என்ற ஸ்டீராய்டும், உடனே மூச்சைத் திறக்கும் ஃபார்மோட்டராலும் சேர்ந்த ஒரே இன்ஹேலரை, தேவைப்படும்போது மட்டும் இழுத்தால் என்ன? நிவாரணம் தேடி இழுக்கும்போதெல்லாம் தடுப்பு மருந்தும் உள்ளே போய்விடுமே! தினசரி ஸ்டீராய்டோடு அவசரத்துக்கு வேறொரு இன்ஹேலர் வைத்திருந்தவர்களை விட, இப்படி எடுத்தவர்களுக்குக் கடும் பாதிப்புகள் 31 சதவீதம் குறைந்தன. 890 பேரிடம் நடந்த இந்தச் சோதனை 2019இல் வெளியானது. லேசான, மிதமான ஆஸ்துமா உள்ள பெரியவர்களுக்கானது அது. மறு வருடமே நியூசிலாந்தின் வழிகாட்டு நெறிகள் இந்த முறைக்கு முதலிடம் கொடுத்தன.

இதே கூட்டு இன்ஹேலர் நம் ஊர் மருந்துக் கடைகளிலும் கிடைக்கிறது. கடைக்காரரிடம் கேட்டு வாங்காமல், நீல இன்ஹேலர் மாதம் எத்தனை தீர்கிறது என்ற கணக்கோடு டாக்டரிடம் போய், உங்களுக்கு இது ஒத்துவருமா என்று கேளுங்கள்.