கை காத்தல்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை பெற்று, நோய் நீங்கிற்றென மகிழ்ந்து இல்லம் திரும்பிய மாதர் சிலருக்குச் சில திங்களிலோ, சில ஆண்டுகள் கழித்தோ கை கனத்து வீங்குதலுண்டு. அஃது ஏன் நேர்கின்றது, செவிலியர் அதனை எங்ஙனம் தடுக்க முயல்கின்றனர் என்பவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

குருதிக் குழாய்களினின்று கசியும் நீரின் ஒரு பகுதி, நிணநீராகித் தனிக் குழாய்களின் வழியே மீண்டும் குருதியை அடைகின்றது. கையின் நிணநீர் பெரும்பாலும் அக்குளிலுள்ள கணுக்களைக் கடந்தே செல்லும். மார்பகப் புற்றுநோய் முதலிற் பரவும் இடமும் பெரும்பாலும் அக்கணுக்களே. ஆதலின் மருத்துவர் அவற்றை அகற்ற நேர்கின்றது. அந்நிலையில் வழியற்ற கால்வாயிற்போல நீர் தேங்கிக் கை பருக்கின்றது. கதிர்ச்சிகிச்சையும் உடற்பருமனும் இதனை மிகுவிக்கும். முதற்கணுக்கள் சிலவற்றை மட்டும் எடுத்துச் சோதித்து, நோயின்றேல் ஏனையவற்றை விட்டுவிடும் இக்கால முறையால் இத்துன்பம் குறைந்துள்ளது.

வேலூரில் 1900-ஆம் ஆண்டு ஐடா ஸ்கட்டர் அம்மையார் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய மருத்துவப் பணியில், 1909-இற் செவிலியர் பயிற்சியும் 1946-இற் செவிலியர் பட்டப்படிப்பும் தோன்றின. இத்தகைய கல்வி பெற்ற செவிலியின் கருவி ஈண்டு ஓர் அளவு நாடாவேயாம். அறுவைக்கு முன்னரே இரு கைகளையும் அளந்து குறித்து, பின்னரும் அதே இடங்களில் அளப்பாள். இரண்டு செண்டிமீட்டர் வேறுபடின் மருத்துவருக்கு அறிவிப்பாள். விரல், மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே மெல்ல அசைப்பிப்பாள். புண் ஆறிவருங்காற் சுவரில் விரல்களை ஏறச்செய்து தோளை உயர்த்தப் பழக்குவாள். ஊசியையும் குருதியழுத்தப் பட்டையையும் இயன்றவரை மறு கைக்கே இடுவாள்.

எனினும் அவளது தலையாய பணி கற்பித்தலே. ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளின் பாதரட்சைத் தொழிற்சாலைகளில் உழைப்போருட் பெண்களே மிகுதி. தையலூசி, கத்தி, பசை இவற்றோடு பழகும் கையிற் சிறு கீறலும் நோய்க்கிருமிக்கு வாயிலாகும். ஆதலின் கையுறை அணிக. காயத்தை உடனே கழுவுக. தோல் வெடியாமற் களிம்பிடுக. இறுகிய வளையல்களைத் தவிர்க்க. சிவப்பும் வெப்பமும் காய்ச்சலும் காணின் அன்றே மருத்துவரை நாடுக.

அஞ்சிக் கையை அசையாது வைத்தலோ பெருந்தவறு. தோள் இறுகும், நீரோட்டமும் தளரும். பளுவைச் சிறிது சிறிதாகவே கூட்டல் வேண்டும். ஆதலின் நம் அன்னையர் சிகிச்சை முடிந்து வருங்கால், அவர்தம் கையினின்று நீர்க்குடத்தைச் சிலகாலம் நாம் வாங்கிக்கொள்வோமாக. தலைவாரும் சீப்பை மட்டும் அவரிடமே விட்டுவைப்போமாக.