லியோடார்டை உடலைவிடச் சிறிதாக வெட்டுவது ஏன்?

ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை முதுகை வில்லாக வளைக்கிறார். அப்போதும் அவர் அணியும் உடலொட்டிய உடையான லியோடார்ட் இடம் விலகுவதில்லை. எப்படி?

அதை உடலளவைவிடச் சிறிதாக வெட்டுவதுதான் காரணம். 1958இல் டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய ஸ்பான்டெக்ஸ் இழை லியோடார்ட் துணியில் கலந்திருக்கிறது. அது இழுத்தால் நீளும். விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். அந்த இழுவிசையே துணியை உடலோடு ஒட்டவைக்கிறது. மார்பளவு 70 செ.மீ. என்றால், 10 சதவீதம் குறைத்து 63 செ.மீ.க்குப் பேட்டர்ன் வரையலாம். துணியின் நீட்சிக்கேற்ப இந்தக் குறைப்பு மாறும்.

முக்கியமான அளவு, தோளில் தொடங்கி, கால்களுக்கிடையே சென்று, முதுகுவழியாக அதே தோளுக்குத் திரும்பும் சுற்றளவு. அது குறைந்தால் தோள் அழுந்தும்; கூடினால் வயிற்றில் மடிப்பு விழும்.

சாதாரண நேர்த்தையல் இழுபட்டால் அறுந்துவிடும். ஜிக்ஜாக், ஓவர்லாக் தையல்கள் துணியோடு சேர்ந்து நீளும். முதலில் துணியை நீட்டி அளந்துபாருங்கள். பிறகு கத்தரியை எடுங்கள்.